பின்சக்கரத்துக் காற்று

அந்தச் சின்ன காருக்கு முன்சக்கரத்தில் இருபத்திரண்டு பவுண்டு காற்று இருக்க வேண்டும். பின்சக்கரத்தில் இருபத்துநாலு. பின்னால் பாரம் ஏறினால் இருபத்தெட்டு. காலையில் வண்டி எடுக்கும் முன்னால், டயர் குளிர்ந்து கிடக்கும்போது பார்க்க வேண்டும். ஓடி வந்து நின்றதும் பார்த்தால் கூடக் காட்டும். சூட்டில் காற்று விரிந்திருக்கும். கூடிப்போச்சே என்று இறக்கிவிட்டால் மறுநாள் டயர் சப்பிக் கிடக்கும்.

இதெல்லாம் எனக்குப் பழக்கமானது ஒரு பயத்தில்.

வாணியம்பாடியில் ஒரு டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகள் முடிகிற சமயம் சேர்ந்தேன். அம்மாவின் வீட்டுக்காரருக்குத் தோல் மண்டி. கார் அவருடையது. அவரை பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். புதன்கிழமைதோறும் அம்மா புதூர்நாட்டுக்கு மேலே ஒரு மலை ஊருக்குப் போவார். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஊசி போடுவார், மாத்திரை கொடுப்பார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகப் போனார்.

அந்த ஊர் என் ஊர். நான் சின்ன வயதில் கீழே இறங்கி லாரியில் கிளீனராகச் சேர்ந்துவிட்டேன். என் அண்ணன் அங்கேயே இருந்தான். சாமை விதைப்பான், நாலைந்து புளியமரம் உண்டு, ஒரு ஜோடி மாடு உண்டு. பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள். பிள்ளை இல்லை. அவனுக்கு டி.பி. என்று அம்மா சொன்னார். ஊசியும் மாத்திரையும் மாதக் கணக்கில் விடாமல் எடுக்க வேண்டும். பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும், அப்போது இதே மருந்து கேட்காது என்றார்.

அண்ணன் கீழே வரமாட்டான். எங்கள் அப்பனை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிணமாகத்தான் மேலே கொண்டுவந்தோம். அதிலிருந்து அவனுக்குக் கீழே என்றாலே ஆகாது. ஆகவே மருந்துதான் அவனிடம் போக வேண்டும். மருந்து போக வேண்டுமானால் கார் போக வேண்டும். கார் போக வேண்டுமானால் டயர் இருக்க வேண்டும்.

டயர்தான் இல்லை.

அந்தக் காலத்தில் அந்த அளவு டயர் கடையில் போய்க் கேட்டதும் கிடைக்காது. எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாய் எழுதிவைத்திருந்தார். வரவில்லை. அதற்குள் மலைக்குப் போய்ப் போய் ரெண்டு டயர் கிழிந்து போயிருந்தது. ஒரு நாள் மண்டி வாசலில் வைத்து பாய் பின்சக்கரத்தைக் காலால் தட்டினார்.

"அரே, இன்னாபா இது. டயரு இன்னா மரத்துலயா காய்க்குது?"

"ரோடு அப்பிடிங்க, பாய்."

"ரோடு எனக்கும் தெரியும். இதோ பாரு. உன் டாக்டரம்மாகிட்ட நான் சொன்னா சண்டை. உன்கிட்ட சொல்றேன். இன்னொரு டயரு போச்சின்னா மலை கட். அப்பால இந்த வண்டி வாணியம்பாடிய வுட்டுத் தாண்டாது. சொல்லிட்டேன்."

"சரிங்க, பாய்."

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு விட, மண்டிக்குப் போக, எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி. அன்றிலிருந்து டயர்தான் என் வேலை. ஓட்டுவது அதற்கு அப்புறம்தான்.

லாரியில் இருந்தபோது நாங்கள் காற்று அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தது கிடையாது. டயர் கழற்றும் லிவரை எடுத்து ஒரு தட்டு. கணீர் என்றால் காற்று சரி. பொத் என்றால் குறைவு. சின்ன காரில் அது நடக்காது. எல்லாக் காற்றும் ஒரே சத்தம். அம்மாவின் அண்ணன் மெட்ராசிலிருந்து ஒரு கேஜ் வாங்கிக் கொடுத்தார். பேனா மாதிரி இருக்கும். டயரில் காற்று ஏற்றும் மூக்கில் வைத்து அழுத்தினால் பின்னாலிருந்து வெள்ளைக் குச்சி வெளியே வரும். குச்சியில் எண் இருக்கும். நான் ரெண்டாவது வரைக்கும் படித்தவன். எண் தெரியும். அது போதுமாக இருந்தது.

புதன்கிழமை விடியும் முன்னால் நாலு சக்கரமும் பார்ப்பேன். குறைந்திருந்தால் பெட்ரோல் பங்கில் அடிப்பேன். பங்கில் காற்று அடிக்கிறவனுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு.

"இன்னா மாமா, புள்ளைக்கு ஜுரம் பாக்கற மாரி தெனம் குத்திக் குத்திப் பாக்கற? டயரு இன்னா இருமுதா?"

"அடிடா. ரெண்டு பவுண்டு."

"ரெண்டு பவுண்டா? அத நீயே வாயால ஊதிட்டுப் போயேன்."

அவன் சொல்வான். நான் நிற்பேன். அடித்துவிட்டு மறுபடி குத்திப் பார்ப்பேன். பிறகு மூக்கில் எச்சில் தொட்டு வைப்பேன். கொப்புளம் வந்தால் கசிவு. வராவிட்டால் மூடி போட்டுத் திருகுவேன். திருப்பத்தூர் தாண்டி மலை ஏறுவேன்.

ஏறுவது கஷ்டம் இல்லை. இறங்குவதுதான் கஷ்டம். அதற்குக் காரணம் ரோடு மட்டும் இல்லை. எங்கள் ஜனங்கள்.

முதல் தரம் அம்மா போனபோது ஊசி போட்டுக்கொண்ட ஒரு கிழவர் ஒரு படி சாமையைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து வைத்தார். அம்மா சிரித்தபடி, வேணாம் பெரியவரே, நீங்க சாப்பிடுங்க என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். அடுத்த புதன் போனோம். தாழ்வாரத்தில் ஒருவர் இல்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோழிகள் மேய்ந்தன. நான் ஊருக்குள் போய் என் சித்தப்பாவைக் கேட்டேன்.

"நாங்க குடுத்தத அவங்க வாங்க மாட்டாங்கன்னா, அவங்க குடுக்கறத நாங்க எப்பிடி வாங்கறது? நாங்க இன்னா பிச்சைக்கா வந்து நிக்கறோம்?" என்றார்.

மலையில் அப்படித்தான். ஒரு கை வாங்கினால்தான் இன்னொரு கை நீளும். போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து அந்தக் கிழவரின் வீட்டு வாசலில் நின்று, போன வாரச் சாமை இருக்குதா என்று கேட்டார். அன்று சாயங்காலம் வரைக்கும் ஊசி போட்டார்.

அதற்குப் பிறகு வாங்காமல் இறங்கின நாளே இல்லை. சாமை, கொள்ளு, புளி, தேன். சீசனில் பலாப்பழம். ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். டிக்கி நிறையும். பிறகு பின் சீட்டு நிறையும். கார் பின்பக்கம் குந்திவிடும். டயர் அடியில் சப்பையாகப் பரவும். அந்தச் சப்பையோடு கல் ரோட்டில் இறங்கினால் டயர் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடாகும். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கும். ரெண்டு டயர் போனது அப்படித்தான். ஆகவே இறங்கும் முன்னால் பின்சக்கரம் ரெண்டுக்கும் கால் பம்பு போட்டு இருபத்தெட்டுக்கு ஏற்றுவேன். கீழே போய் எல்லாம் இறக்கி வைத்து, மறுநாள் காலையில் இருபத்துநாலுக்கு இறக்குவேன். ஏற்று, இறக்கு. ஏற்று, இறக்கு. வெயிலில் நின்று கால் பம்பை மிதித்தால் கெண்டைக்கால் கல்லாகிவிடும். புதன் இரவு படுத்தால் கால் இழுக்கும். என் வீட்டுக்காரி எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவாள். வாங்கற துட்டுக்கு இது வேறயா என்பாள். அண்ணன் விஷயம் அவளுக்கும் தெரியும்.

நான் மிதிக்கும்போது ஊர் ஆட்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. அண்ணனின் மச்சான் ஒருவன் உண்டு, செத்துப்போன அண்ணியின் தம்பி. நல்ல உடம்பு. வாயும் நல்ல வாய்.

"மூட்டை ஏத்தனா வண்டி குந்திக்குது. இவரு காத்து அடிச்சா எழுந்துக்குது. பாத்தியா?" என்பான்.

"காத்துக்குக் கனம் இல்ல இல்ல, அதான்" என்பார் ஒருவர்.

"சொரக்குடுக்கை மாரிடா. குடுக்கைல இன்னா இருக்குது? காத்துதான? ஆளையே தூக்கி மெதக்க வுடுது இல்ல? அதே மாரிதான் இதுவும்."

மழைக்காலத்தில் ஓடை பெருகினால் எங்கள் ஆட்கள் காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் கடப்பார்கள். அந்தக் கணக்கை டயருக்குப் போட்டார்கள். அது அப்பிடி இல்லடா, கனம் கனம்தான், டயருதான் வெறைப்பாவுது என்று நான் சொன்னேன். யார் கேட்கிறார்கள். கண்ணால் பார்க்கிறார்களே, வண்டி எழுவதை.

அந்த ஆனி மாதம் ஒரு புதன்.

அப்போது பின்பக்கம் வலது டயரில் ஒரு வெட்டு இருந்தது. கல் கிழித்தது. உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து ஒட்டியிருந்தோம். கெய்ட்டர் என்போம். இருபத்துநாலு, இருபத்தெட்டு வரைக்கும் தாங்கும். பார்த்துப் பார்த்து ஓட்டினால் இன்னும் கொஞ்ச மாதம் ஓடும். ஸ்டெப்னி டயர் வழவழவென்று தேய்ந்து நூல் தெரிந்தது. அதை நம்பி ஏற முடியாது. பேருக்கு இருந்தது.

அண்ணனுக்கு மருந்து பாதி முடிந்திருந்தது. அன்று அவன் தாழ்வாரத்துக்கு வரவில்லை. எல்லோருக்கும் ஊசி போட்டு முடித்தபின் அம்மா கேட்டார்.

"உங்க அண்ணன் எங்கப்பா?"

"தெரியலீங்கம்மா."

"வா, போய்ப் பாக்கலாம்."

அவன் வீடு ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம். நடந்து போனோம். காரைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வெயிலில் விட்டிருந்தேன். மச்சானிடம், அம்மாவுக்கு ஏதாவது வைக்கணும்னா வச்சிருங்க, வந்துர்றோம் என்று சொல்லிவிட்டுப் போனேன். எப்போதும் சொல்கிறதுதான்.

அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எலும்பும் தோலுமாக இருந்தான். ஆனால் முன்னைக்கு இப்போது இருமல் குறைவு.

"இன்னாப்பா, ஏன் வரல?" என்றார் அம்மா.

"இப்ப நல்லாத்தான் கீறேன். அப்பால எதுக்குங்க ஊசி?"

"மாத்திரை?"

அம்மா உள்ளே போய்ப் பார்த்தார். மாத்திரைப் பொட்டலம் மாடத்தில் அப்படியே இருந்தது. அவர் வெளியே வந்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. களைத்துப் போயிருந்தார்.

"நீ நல்லா ஆகல. மருந்து உன்னை நல்லா இருக்கற மாதிரி காட்டுது. பாதி சீக்கு இன்னும் உள்ளேதான் இருக்கு. விட்டா அது முழிச்சுக்கும். அப்ப நான் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அவ்வளவுதான். உன் இஷ்டம்."

அண்ணன் வேட்டியைத் தளர்த்தித் திரும்பி நின்றான். அம்மா ஊசி போட்டார். அடுத்த புதன் நான் வந்து மாத்திரையை எண்ணுவேன் என்றார்.

"எண்ணுங்க" என்றான்.

திரும்பி வந்தோம். மேட்டிலிருந்து இறங்கும்போதே கார் கண்ணில் பட்டது. டிக்கி மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பின் சீட்டில் கூரை வரைக்கும் பலாப்பழம். ஆனால் வண்டி குந்தவில்லை. நிமிர்ந்து நின்றது. வெறும் வண்டியை விட உசரமாக நின்றது.

மச்சான் வேர்த்து ஊற்றிக்கொண்டு கால் பம்பின் மேல் உட்கார்ந்திருந்தான். சுற்றிப் பத்துப் பேர். எல்லோருக்கும் முகத்தில் சிரிப்பு.

"வா மாமா. உனக்கு வேலையே இல்ல. முடிச்சிட்டோம்."

"இன்னாத்தடா முடிச்ச?"

"காத்து. இன்னிக்கிப் பழம் ஜாஸ்தி. கனமாச்சே, பாவம் ஒத்த ஆளு நீ மிதிக்கறியேன்னு நாங்க மாத்தி மாத்தி மிதிச்சோம். நாலு சக்கரத்துக்கும். வண்டி பஞ்சு மாரி ஆய்டுச்சி. தூக்கிப் பாரு!"

"இவன் மட்டும் நூறு மிதி மிதிச்சான்" என்றார் சித்தப்பா. "பொண்டாட்டிக்கி ஒரு கொடம் தண்ணி தூக்க மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அவருக்கு இன்னும் புரியவில்லை.

நான் கேஜை எடுத்தேன். இடது பக்கம் வைத்தேன். குச்சி கடைசி எண்ணையும் தாண்டி வெளியே பாய்ந்தது. வெயிலில் காய்ந்த டயர் வேறு. கை வைத்தால் சுட்டது. வலது பக்கம் போனேன். கேஜ் வைக்க வேண்டியிருக்கவில்லை. கெய்ட்டர் இருந்த இடத்தில் வெட்டு வாயைத் திறந்திருந்தது. அதன் வழியாக உள்ளே ஒட்டிய துண்டு கோழிமுட்டை அளவுக்கு வீங்கி வெளியே வந்திருந்தது.

யாரும் கிட்டே வராதீங்க என்று கத்தினேன். நான் கத்தி அவர்கள் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிந்து மூக்கின் ஊசியை ஆணியால் அழுத்தினேன். காற்று சீறிக்கொண்டு வந்தது. ரொம்ப நேரம் வந்தது. வண்டி மெல்லக் குந்தியது. வீக்கம் சின்னதானது. ஆனால் உள்ளே போகவில்லை. நூல் அறுந்துவிட்டது. அந்த டயர் அவ்வளவுதான்.

மச்சான் பக்கத்தில் வந்து நின்றான்.

"கெட்டுப்போச்சா மாமா?"

"ஆமா."

"நாங்க நல்லதுக்குத்தான்..."

"தெரியும்டா."

அவனைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. திட்டி என்ன ஆகப்போகிறது. மூட்டைகளை இறக்கு என்றேன். தயங்கினார்கள். கொடுத்ததை இறக்குவது எங்கள் ஊரில் வழக்கம் இல்லை. அம்மா முன்னால் வந்து ஒரே ஒரு பலாப்பழத்தைக் காட்டினார்.

"இது எனக்கு. மத்ததை உங்க வூட்லேயே வைங்க. நான் வாங்கிட்டேன். வாங்கிட்டு உங்ககிட்ட குடுத்து வைக்கறேன். சரியா?"

அப்படிச் சொன்னதும் இறக்கினார்கள். ஜாக்கி போட்டு அந்த டயரைக் கழற்றி, நூல் தெரிந்த ஸ்டெப்னியை மாட்டினேன். மற்ற மூன்றிலும் காற்றை இறக்கினேன். சூட்டில் அளந்தால் சரியாக வராது. குத்துமதிப்பாக ரெண்டு மூன்று பவுண்டு கூடவே விட்டேன். அம்மா என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு உன்கிட்டயும் சொன்னாரா?"

"சொன்னாருங்கம்மா."

"என்கிட்டயும் சொன்னாரு. அவரு ஒரு தரம் சொன்னா சொன்னதுதான்" என்றார்.

பிறகு ஊர் ஆட்களிடம் திரும்பி, இனிமே வண்டி வராது, டயர் கிடைக்கிற வரைக்கும் நீங்கதான் கீழே வரணும், ஜீப் பிடிச்சு வாங்க, நான் பாக்கறேன் என்றார். கைப்பிள்ளை வைத்திருந்த ஒருத்தி, அப்ப இதுக்கு ரெண்டாவது ஊசி என்று கேட்டாள். வாம்மா, கீழே வா என்றார். அவள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

நான் வீல் நட்டு முறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஜீப் பிடித்து வருவானா. மாட்டான். மேலே மாத்திரை கொடுத்தாலே மாடத்தில் வைக்கிறவன். அடுத்த புதன் எண்ண யார் வருவார்கள். ஸ்பேனரை வைத்துவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தேன். மச்சானும் பின்னாலேயே வந்தான்.

அண்ணன் படுத்திருந்தான்.

"எழுந்திரு. வா, கீழ போலாம். என் வூட்ல இரு."

"போடா."

"வண்டி இனிமே வராது. இன்னிக்கித்தான் கடைசி."

"வராட்டிப் போவுது. நான் இன்னா கூப்ட்டனா?"

"நீ செத்துருவ."

"கீழ வந்தா மட்டும்? அப்பனை எப்பிடிக் கொண்டாந்தோம்? மறந்துட்டியா?"

"அப்பன் கடைசில போனாரு. நீ பாதில கீற. ஆஸ்பத்திரில படுக்க வேணாம். என் வூட்ல படு. உன் தம்பி பொண்டாட்டி கூழு ஊத்துவா. ஊசி போட்டுக்கிட்டு வந்துடலாம்."

"மாடு?"

அதுதான் கேள்வி. மாட்டைத் தவிர அவனுக்கு யாரும் இல்லை. பின்னால் நின்ற மச்சான் பேசினான்.

"மாட்ட நான் பாத்துக்கறேன்."

"நீயா? உன் மாட்டையே நீ பாக்க மாட்ட."

"பாத்துக்கறேன்றேன் இல்ல. காத்து அடிச்சது நான். டயர ஒடச்சதும் நான். உன் மாடு எளைச்சிதுன்னா வந்து என்னை ஒதை. எழுந்து போ."

அண்ணன் அவனை உற்றுப் பார்த்தான். மச்சானின் கண் கலங்கியிருந்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். ஒரு போர்வையும் வெற்றிலைப் பையும் எடுத்துக்கொண்டான். மாட்டின் கழுத்தில் கை வைத்து ரெண்டையும் தடவினான். நடந்தான். நான் மாடத்திலிருந்த மாத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவன் காரில் ஏறியது அதுதான் முதல் தரம். பின் சீட்டில் ஓரமாக உட்கார்ந்தான், கால்களைத் தூக்கிக்கொண்டு.

"நான் ஏறனா டயரு தாங்குமாடா?"

"உனக்கு இன்னா கனம்? உக்காரு."

மெதுவாக இறங்கினேன். மாட்டு வண்டி வேகம்தான். கல் தெரிந்த இடத்திலெல்லாம் ஒதுக்கி, ஒதுக்க முடியாத இடத்தில் ஏற்றி இறக்கி. வளைவு வந்தால் நிறுத்துவேன். இறங்கிப் போய் அந்தத் தேய்ந்த டயரில் உள்ளங்கையை வைப்பேன். கை பொறுத்தால் ஏறி உட்காருவேன். பொறுக்காவிட்டால் ஆறுகிற வரைக்கும் நிற்போம். ஒரு வளைவில் கை பொறுக்கவில்லை. மூவரும் ரோட்டோரம் உட்கார்ந்தோம்.

"சுடுதுன்னா கொஞ்சம் காத்தைத் தொறந்து வுடேன்" என்றான் அண்ணன்.

"வுடக்கூடாது. வுட்டா இன்னும் சப்பையாவும். சப்பையானா இன்னும் சுடும்."

"அப்ப இன்னா பண்றது?"

"சும்மா உக்காந்து இருக்கறதுதான்."

"நல்ல வேலடா உனுது" என்றான். இருமினான். அம்மா தன் தண்ணீரைக் கொடுத்தார். அவன் அண்ணாந்து குடித்தான்.

கீழே வந்து சேர வெளிச்சம் போய்விட்டது. டயர் தாங்கியது.

மறுநாள் பாய் வந்து கழற்றிய டயரைப் பார்த்தார். வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். யாரு பண்ணது என்று கேட்டார். சொன்னேன். நூறு மிதி என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, "மலை கட்" என்றார். அன்று அவரும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை என்று சமையல்காரி சொன்னாள்.

அண்ணன் என் வீட்டில் இருந்தான். நல்லபடியாக இருந்தான் என்று சொல்ல முடியாது. கூழில் உப்பு இல்லை என்பான். கொசு என்பான். தெருச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்பான். மாத்திரையை என் வீட்டுக்காரி அவன் வாயில் போட்டு, முழுங்கினதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். ஆ காட்டுங்க என்பாள். நான் இன்னா குதிரையா என்பான். ரெண்டு தரம் சொல்லாமல் கிளம்பிவிட்டான். ஒரு தரம் திருப்பத்தூர் வரைக்கும் போய்விட்டான். போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். திட்டவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம், அவன் ஜன்னல் பக்கம்.

மருந்து முடிந்தது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அம்மா போகலாம் என்றார். அவன் அன்றைக்கே கிளம்பினான். புளி ஏற்ற வந்த ஜீப்பில் பின்னால் தொற்றிக்கொண்டு போனான். மாடு இளைக்கவில்லை என்று சொல்லியனுப்பினான்.

மற்றவர்கள் கீழே வரவில்லை. முதலில் ரெண்டொருவர் வந்தார்கள். ஜீப்புக்குக் காசு, ஒரு நாள் கூலி, பிறகு நின்றுவிட்டார்கள். அம்மா ஒவ்வொரு புதனும் அந்த நேரத்துக்குத் தன் ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

நான் ஊருக்குப் போகும்போது பஸ்ஸிலோ ஜீப்பிலோ போனேன். வண்டி எப்ப வரும் மாமா என்று மச்சான் கேட்பான். கைப்பிள்ளைக்காரியும் கேட்டாள். அந்தப் பிள்ளை அப்போது நடந்தது. டயரு கிடைக்கல என்று சொல்வேன். ஒரு வருஷம் அப்படிச் சொல்ல முடிந்தது.

பிறகு டயர் வந்தது. நாலு டயரும் புதுசு. நான்தான் மாட்டினேன். முன்னால் இருபத்திரண்டு, பின்னால் இருபத்துநாலு வைத்தேன். காரை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பாய் சுற்றிப் பார்த்துவிட்டு, மதியம் பிள்ளைங்களைக் கூட்டியாந்துடு என்றார். அம்மா மாடியில் நின்றிருந்தார். புதிய டயரைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் எழுந்து காற்றுப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டேன்.